சந்திப்பு நிலையத்துக்கு வரலாறு உண்டா?

தமிழில் ஊர் வரலாறு எழுதும் முயற்சிகள் பெருகியுள்ளன. பள்ளி ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற அலுவலர்களும் உள்ளூர்ப் புலவர்களும் தத்தம் ஊரைப் பற்றி நூல் செய்கின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும் இவ்வகை நூல்களைத் தொடர்ந்து படிப்போர், அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பதைக் காணத் தவறார். முதலில் பெயர்க்காரணம், பிறகு ஆண்ட அரசர்கள், அதன்பின் கல்வெட்டு, அடுத்து வழிபாட்டுத் தலங்கள், தொடர்ந்து ஊர்ப் பெரியோர். எல்லாம் முடிந்த பிறகு, ‘போக்குவரத்து வசதிகள்’ என்னும் தலைப்பின்கீழ், அஞ்சலகத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே, இரயில் நிலையம் இரண்டு வரிகளில் இடம்பெறும்.

இந்த அச்சுக்கு இரு மூலங்கள் உள. ஒன்று நம் தலபுராண மரபு. ஊரின் பெருமை அதன் பழமையில் இருக்கிறது என்பது அம்மரபின் நம்பிக்கை. மற்றொன்று ஆங்கில ஆட்சியாளர் எழுதுவித்த மாவட்டக் கையேடுகள். ஊர் என்பது வரி, நிலம், சாதி, சாலை ஆகியவற்றின் கூட்டுத்தொகை என்பது அவற்றின் பார்வை. பழமையைத் தேடும் கண்ணும் வருவாயைத் தேடும் கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது ஒரு வகை ஊர் மட்டும் இரண்டுக்கும் தப்பிவிடுகிறது. அதுதான் இருப்புப்பாதையால் உருவான சிற்றூர். அதற்குப் புராணமும் இல்லை. நிலவரியும் பெரிதாக இல்லை. அதனால் அதற்கு வரலாறே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இம்முடிவு சரிதானா என்று ஆராய்வதற்கு நம் தோல் தொழில் வட்டாரத்திலேயே தக்க சான்று இருக்கிறது. அது ஜோலார்பேட்டை.

ஜோலார்பேட்டையைப் பற்றி எழுதப் புகுவோரில் சிலர் பெயரிலேயே நின்றுவிடுகின்றனர். சோலையார்பேட்டை என்று எழுதும் வழக்கமும் உண்டு. ஆங்கில ஏடுகளில் அது ஜலார்பேட் என்று உருமாறியது. மூலப்பெயர் எதுவாயினும், அதனை நாடறியச் செய்தது எந்த மன்னனின் மெய்க்கீர்த்தியும் அன்று. நடைமேடையில் நட்ட பெயர்ப்பலகை. இந்த எளிய உண்மையை ஏற்றுக்கொள்ள நம் வரலாற்றாசிரியர்கள் ஏனோ தயங்குகின்றனர். ஒரு நிலையத்தால் ஊர் உண்டாயிற்று என்று எழுதுவதில் இழிவு ஏதும் இல்லை. ஆற்றால் உண்டான ஊர் உண்டு. துறைமுகத்தால் உண்டான ஊர் உண்டு. காயல்பட்டினத்துக்குக் கடல் எதுவோ, ஜோலார்பேட்டைக்கு இருப்புப்பாதை அது.

நிகழ்ச்சிகளை நிரல்படுத்திப் பார்ப்போம். 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து, அன்று ஆர்க்காடு நிலையம் எனப்பட்ட வாலாஜா ரோடு வரை, தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அதனை அமைத்தது இலண்டனில் பங்கு திரட்டிய மதராஸ் இரயில்வே கும்பினி. அக்கும்பினியின் முதலுக்கு வட்டி கிடைக்கும் என்று அரசே உறுதி கொடுத்திருந்தது. பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என மேற்கு நோக்கி வளர்ந்த பாதை, ஏலகிரி மலையின் அடிவாரத்தைச் சுற்றித் தெற்கே திரும்பிச் சேலத்தை நோக்கியது. 1862இல் அது மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை முழுமையடைந்தது. 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், மலையடிவாரத்தில் திரும்பும் அந்த இடத்திலிருந்து பெங்களூர்த் தண்டு வரை ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது. அன்று முதல் ஜோலார்பேட்டை ஒரு சந்திப்பு.

கிளைப்பாதை சென்று முடிந்த இடம் பெங்களூர்ப் பேட்டை அன்று, பெங்களூர்த் தண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். மைசூர்ச் சீமையில் நிலைகொண்டிருந்த மதராஸ் படையைச் சென்னைத் துறைமுகத்தோடு இணைப்பது ஆட்சியாளரின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. அடிவாரத்திலிருந்து பெங்களூர் பீடபூமி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தை நீராவி எஞ்சின் கடக்க வேண்டுமானால் அடிவாரத்தில் தண்ணீர் வேண்டும், நிலக்கரி வேண்டும், எஞ்சினைப் பேணக் கொட்டகை வேண்டும், கொட்டகையில் இரவும் பகலும் வேலை செய்ய ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்கு வீடு வேண்டும். அவர்களுக்கு அரிசியும் காய்கறியும் விற்பார் வேண்டும். இப்படித்தான் ஊர் உண்டாயிற்று. ஊரைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல இயலாது. தோற்றுவித்தது ஒரு மலையேற்றமும் அதற்கு வேண்டிய உழைப்புமே.

இந்த இடத்தில் பக்கத்து ஊரான திருப்பத்தூரை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். திருப்பத்தூருக்குக் கல்வெட்டு உண்டு. பழைய கோயில்கள் உண்டு. 1792இல் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடு அங்கிருந்துதான் ஆட்சி செலுத்தினார். அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ பிற்காலத்தில் சென்னை ஆளுநரானார். ஆகவே திருப்பத்தூரைப் பற்றி எழுதுவோருக்குப் பொருள் பஞ்சமில்லை. அவ்வூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒரு குறுகிய இருப்புப்பாதையும் போடப்பட்டது. விடுதலைக்கு முன்பே அது மூடப்பட்டுவிட்டது. வரலாறு நிறைந்த ஊர் ஒரு பாதையை இழந்தும் வாழ்ந்தது. சில மைல் தொலைவிலுள்ள ஜோலார்பேட்டையோ பாதையே உயிராக வளர்ந்தது. அடுத்தடுத்து அமைந்த இவ்விரு ஊர்களையும் ஒரே அளவுகோலால் அளப்பது எப்படிப் பொருந்தும்?

ஆங்கிலக் கையேடுகளாவது இவ்வூருக்கு நீதி செய்தனவா? இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு 1881இல் வெளிவந்தது. அப்போது திருப்பத்தூர் வட்டம் வட ஆர்க்காட்டில் இல்லை. சேலம் மாவட்டத்தில் இருந்தது. லெ ஃபானுவின் சேலம் கையேடு 1883இல் வந்தது. அன்று இவ்வட்டம் சேலத்துக்கு உரியது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் வட்டம் வட ஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்டது. ரிச்சர்ட்ஸ் எழுதிய புகழ்பெற்ற சேலம் கெசட்டியர் 1918இல் அச்சேறியபோது இவ்வட்டம் அம்மாவட்டத்தை விட்டு நீங்கி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. மாவட்டத்தை அலகாகக் கொண்டு எழுதும் முறையில், எல்லையில் கிடக்கும் ஊர் எந்த நூலுக்கும் நடுப்பொருள் ஆவதில்லை.

எல்லையூர் என்னும் நிலை நில ஆட்சியோடு நிற்கவில்லை. இரயில் ஆட்சியிலும் தொடர்ந்தது. 1908இல் மதராஸ் இரயில்வே கும்பினி கலைந்தபோது, சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் பாதை மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வேயின் வசமாயிற்று. ஜோலார்பேட்டையிலிருந்து தெற்கே சேலம் வழியாக மங்களூர் வரை செல்லும் பாதை தென்னிந்திய இரயில்வேக்குச் சென்றது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தென்னக இரயில்வே உருவாகும் வரையில், நாற்பத்து மூன்று ஆண்டுகள், இரு வேறு இரயில்வேக்களின் பாதைகள் இந்தச் சிற்றூரில் கைமாறின. 2003இல் தென்மேற்கு இரயில்வே பிறந்தபோது பெங்களூர்ப் பக்கம் மீண்டும் வேறொரு நிருவாகத்தின்கீழ்ச் சென்றது. ஒரு நூற்றாண்டாக இரு நிருவாகங்களின் விளிம்பில் வாழும் ஊரில் இருவகைக் கணக்கும் இருவகை ஒழுங்குமுறையும் எப்படிப் பழகின, அங்குள்ள தொழிலாளியின் வாழ்வை அவை எப்படிப் பாதித்தன என்பது நல்ல ஆராய்ச்சிக்குரிய பொருள். அதனை விடுத்து, ஊருக்குப் பழைய கல்வெட்டு இல்லையே என்று ஏங்குவதில் என்ன பயன்?

இனி நம் சமுதாயத்தாரின் எழுத்துக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் வணிகர் தோல் தொழிலால் பொருள் ஈட்டினர். ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்தனர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் காக்கா முஹம்மது உமர் 1924இல் தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரியைச் சுற்றி உருவான ஊர் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இவை பெருமைக்குரிய செயல்கள். இவற்றைப் பற்றி விழா மலர்கள் பல வந்துள்ளன.

ஆனால் அம்மலர்களைத் திறனாய்வுக் கண்ணோடு படித்தால் ஒரு குறை தென்படுகிறது. அவை வள்ளலைக் காட்டுகின்றன; வளம் வந்த வழியைக் காட்டுவதில்லை. பச்சைத்தோல் எங்கிருந்து வந்தது? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் எவ்வழியே வந்தன? பதனிட்ட தோல் எப்படிச் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கும் அங்கிருந்து இலண்டன் சந்தைக்கும் போயிற்று? சுண்ணாம்புக் குழியில் நின்று தோலின் மயிரும் சதையும் நீக்கியவர் யார்? இக்கேள்விகளுக்கு மலர்களில் விடை அரிது. இரயில் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று உடனே விளங்கும். மைசூர்ச் சீமையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் இந்தப் பாதையில் வாணியம்பாடிக்கோ ஆம்பூருக்கோ வரும் எந்தச் சரக்கும் ஜோலார்பேட்டையைக் கடந்தே வர வேண்டும். சந்திப்பிலிருந்து வாணியம்பாடி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ஆம்பூர் 31 கிலோமீட்டர். தோல் ஷாப்புகளுக்கு வெகு அண்மையில், இரு திசைச் சரக்கும் ஒன்றுகூடும் வாயிலாக இச்சந்திப்பு அமைந்தது. அந்த வாயிலில் கொடி காட்டியவனும் மூட்டை தூக்கியவனும் நம் மலர்களில் இல்லை. கொடுத்தவரின் கை தெரிகிறது. சுமந்தவரின் தோள் தெரியவில்லை.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவை நம்மில் பலர் மேற்கோளுக்காக மட்டும் போற்றுகிறோம். நகரங்கள் ஏன் தோன்றுகின்றன, தொழில்கள் எப்படி ஊரை வளர்க்கின்றன, மனித உழைப்பு எப்படிச் செல்வத்துக்கு மூலமாகிறது என்று அந்நூல் விரிவாகப் பேசுகிறது. கேட்டதை ஆராயாது திரும்ப எழுதும் வரலாற்றாசிரியரை அவர் கண்டிக்கவும் செய்கிறார். அரச குலங்களின் எழுச்சி வீழ்ச்சியை எழுதியவரே தொழிலாளியின் கைத்திறனுக்கும் நூலில் இடம் தந்தார். அவரைப் போற்றும் நாம் நம் வட்டார வரலாற்றை அவர் காட்டிய முறையில் எழுதவில்லை என்பது வருந்தத்தக்கது.

மேனாட்டுச் சான்று ஒன்றையும் காட்டலாம். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரமும் இரயில் பட்டறையால் வளர்ந்ததே; அங்குப் பட்டறை 1843இல் இயங்கத் தொடங்கியது. அந்நகரைப் பற்றிக் கும்பினி இயக்குநர்களும் பொறியாளர்களும் எழுதியவை பல. ஆயினும் இன்றும் நின்று பேசுவது ஆல்பிரட் வில்லியம்ஸ் என்னும் தொழிலாளி 1915இல் வெளியிட்ட நூல். அவர் அப்பட்டறையில் நீராவிச் சம்மட்டியை இயக்கியவர். ஓய்வு நேரத்தில் தாமே பல மொழிகள் கற்றவர். பின்னாளில் வடமொழியும் கற்றுப் பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தவர். பட்டறையின் வெப்பம், இரைச்சல், மேலாளரின் கெடுபிடி, கூலிக் கணக்கு எல்லாவற்றையும் அவர் எழுதினார். அந்நூல் வந்த பின்னர் ஸ்விண்டனுக்கு வரலாறு இல்லை என்று எவரும் சொல்லத் துணியவில்லை. ஜோலார்பேட்டைக்கு அப்படியொரு நூல் வேண்டும் என்பதே நம் அவா.

நம் மொழியில் இதற்கு முன்மாதிரியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிந்துகளும் கும்மிகளும் இரயிலையும் அதன் விபத்துகளையும் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் பாடின. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து அவை ஊர் ஊராகப் போயின. புலவர் அவற்றை இலக்கியமாகக் கருதவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலின் வழியே 2004இல் அவற்றின் மதிப்பை எடுத்துக் காட்டினார். எளியோர் தம் காலத்தின் புதுமையைத் தாமே பாடிய அந்த மரபை, இன்றைய ஊர் வரலாற்றாசிரியர் தம் உறவாக எண்ணுவதில்லை. தலபுராணத்தோடு உறவு கொண்டாடும் அவர்கள் சிந்துப் பாட்டோடு உறவு கொண்டாட வெட்கப்படுகின்றனர்.

மறுபுறம், இரயிலைப் புகழ்ந்தே எழுதுவோரும் உளர். கூவென்ற ஊதல், புகை, நிலவொளியில் மின்னும் தண்டவாளம் என்று அவர்கள் ஏக்கத்தோடு எழுதுவர். அதுவும் வரலாறு ஆகாது. இரயில் வந்த காலத்திலேயே, பாதைக்குக் கொட்டும் பணத்தைப் பாசனத்துக்கும் கால்வாய்க்கும் செலவிடலாகாதா என்று ஆர்தர் காட்டன் வாதிட்டார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் இருப்புப்பாதை உணவுத் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை. விலை மிகுந்த இடத்துக்குத் தானியத்தை எடுத்துச் சென்றதும் அதே பாதைதான். சேலமும் வட ஆர்க்காடும் அப்பஞ்சத்தில் பட்ட துன்பம் கொடியது. நன்மையும் தீமையும் ஒரே தண்டவாளத்தில் வந்தன என்று எழுதும் துணிவு வரலாற்றுக்கு வேண்டும்.

வரலாறு எழுதப்படாத ஊருக்கு என்ன நேர்கிறது என்பதற்குக் கண்கூடான சான்று 2019இல் கிடைத்தது. அவ்வாண்டு கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. சூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு முதல் தண்ணீர் இரயில் வில்லிவாக்கம் சென்றது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இவ்வட்டாரத்துக்கு வந்த நீர் அது. நாட்டின் ஏடுகள் எல்லாம் ஊரின் பெயரை அச்சிட்டன. எங்குப் பார்த்தாலும் அதே பெயர். ஆனால் அச்செய்திகளில் அது ஓர் ஊராகத் தோன்றவில்லை. ஒரு குழாயாகத் தோன்றியது. அங்கு வாழ்வோருக்குத் தண்ணீர் போதுமா என்று கேட்டவர் சிலரே. நூற்றைம்பது ஆண்டுகளாக எஞ்சினுக்கும் பயணிக்கும் நீர் கொடுத்த ஊர், தலைநகரின் தாகத்தையும் தணித்தது. அதற்கு நன்றியாக நாம் அதன் கதையையாவது கேட்டிருக்க வேண்டும். பிறர் கடந்து செல்லும் இடமாக மட்டுமே ஓர் ஊரைக் காண்பது எளிது. அங்குத் தங்கி வாழ்ந்தவரின் வரலாறு ஏட்டில் ஏறாதவரை அந்தப் பார்வை மாறப்போவதில்லை.

ஊர் தன்னளவில் வளரத் தவறவில்லை. இன்று அது நகராட்சி. 2011 தேர்தல் முதல் அதன் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டு. 2019 நவம்பரில் தொடங்கப்பெற்ற திருப்பத்தூர் மாவட்டத்தில் அது அடங்குகிறது. சேலம், வட ஆர்க்காடு, வேலூர் என்று கைமாறிய வட்டத்துக்கு இப்போது தனக்கென ஒரு மாவட்டம் கிடைத்திருக்கிறது. புதிய மாவட்டத்துக்குப் புதிய கையேடுகள் எழுதப்படும். அவையும் பழைய அச்சிலேயே வார்க்கப்படுமா என்பதுதான் நம் கவலை.

அவ்வாறு ஆகாதிருக்க, எழுத முன்வருவோருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். இவ்வட்டாரத்தின் சான்றுகள் ஒரே மொழியில் இல்லை. இரயில்வே ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. தோல் வணிகரின் கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் உருதுவும் தமிழும் கலந்துள்ளன. தொழிலாளரின் நினைவோ தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் வாய்மொழியாக இருக்கிறது. இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் நினைவும் இதில் சேரும். ஒரு மொழியை மட்டும் அறிந்தவர் ஒரு பக்கத்தை மட்டுமே காண்பார். ஆகவே இப்பணி ஒருவரால் ஆவதன்று. கூடிச் செய்ய வேண்டியது. கல்லூரிகளின் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் உருதுத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் இயலும். வக்ஃபு பத்திரங்கள், பள்ளிவாசல், மாதாகோயில், கோயில் ஆகியவற்றின் பதிவேடுகள், அடக்கத் தலங்களின் கல் எழுத்துகள், பழைய சரக்கு ரசீதுகள் ஆகிய அனைத்தும் கல்வெட்டுக்கு இணையான சான்றுகளே.

எல்லாவற்றினும் விரைந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாட்டின் அகலப்பாதைகளில் நீராவி எஞ்சின் 1995ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. அந்த எஞ்சின்களுக்குக் கரி அள்ளிப் போட்டவரும் தண்ணீர் நிரப்பியவரும் இன்று முதுமையில் இருக்கின்றனர். தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைக் காலத்தை நேரில் கண்டோர் அவர்களினும் மூத்தோர். கல்வெட்டு இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். சந்திப்பு நிலையத்துக்கு வரலாறு உண்டா என்று கேட்டோம். உண்டு. அதனை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பெயர்க்காரணத்தைப் பிறகு ஆராய்ந்து கொள்ளலாம்; முதலில் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுவோமாக.